தாய்க்கண்ணும் நூறு மீட்டரும்

இப்போதெல்லாம் ஓட்டப்பந்தயத்தைத் தொலைக்காட்சியில் காட்டும்போது அம்மாக்களையும் சேர்த்துக் காட்டுகிறார்கள். போன தடவை உலகப் போட்டியில் பெண்களுக்கான நூறு மீட்டர் இறுதி ஓட்டத்தை நீங்களும் பார்த்திருப்பீர்கள். துப்பாக்கி வெடிப்பதற்குச் சற்று முன்னால் ஓர் அம்மாவின் முகம் வந்தது. கைப்பேசியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு, வாயைத் திறந்தது திறந்தபடி, மகளையே விழுங்கிவிடுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். என் பேரப்பிள்ளைகள் ஓடுகிறவர்களைப் பார்த்தார்கள். நான் அந்த அம்மாவைப் பார்த்தேன். இவளுக்கு எவ்வளவு துணிச்சல் என்றுதான் தோன்றியது.

நம் வயதுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பிள்ளை வயிறாரச் சாப்பிடும்போது நம் அம்மாக்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். தூங்குகிற குழந்தையை நின்று ரசிக்க மாட்டார்கள். ஊர்க்கண் பட்டால் உப்பும் மிளகாயும் சுற்றி நெருப்பில் போட்டால் தீர்ந்தது. தாய்க்கண்ணுக்கு மாற்று கிடையாது என்பார்கள். இப்போதுள்ள பிள்ளைகளிடம் சொன்னால் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். எங்கள் வீட்டில் அது சிரிப்பாக இருக்கவில்லை.

அப்போது நாங்கள் சிங்கப்பூருக்கு எதிர்க்கரையில், கெலாங் பாத்தாவில் குடியிருந்தோம். கடைவரிசைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட பலகை வீடு. அப்பா தொழிற்சாலை பஸ் ஓட்டினார். விடிவதற்குள் ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலம் தாண்டிச் சிங்கப்பூர் போவார், பொழுது சாய்ந்தால் திரும்புவார். அம்மா வீட்டிலேயே தையல். நான் தமிழ்ப்பள்ளியில் நான்காம் வகுப்பு. அக்கா என்னைவிட எட்டு வயது மூத்தவள், அவள்தான் ஓட்டக்காரி.

அக்காவைக் கண்டுபிடித்தது அவள் இடைநிலைப் பள்ளியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுத்த மலாய்க்கார ஆசிரியை. எங்கள் எல்லாருக்கும் அவர் சிக்கு, மலாயில் டீச்சர். சாயங்காலம் பள்ளித் திடலில் மேய்கிற ஆடுகளை விரட்டிவிட்டு, ஓட்டைத் தகர டின்னில் சுண்ணாம்பைப் போட்டு இழுத்துக்கொண்டே நடந்து கோடு போடுவார். துப்பாக்கிக்கு எங்கே போவது? அப்பா இரண்டு பலகைத் துண்டுகளை ஒரு பக்கம் கீல் வைத்து இணைத்துக் கொடுத்தார். அதைப் பட்டென்று சேர்த்து அடிப்பது என் வேலை. அடித்தவுடன் அக்கா கிளம்புவாள். செம்மண் என் முகத்தில் தெறிக்கும். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்ப்பதற்குள் அவள் அந்தக் கடைசியில் குனிந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பாள். நான் அடிக்காமல் அவளால் ஓட முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அந்தக் கர்வம் எனக்கு நிறைய இருந்தது.

அவளுடைய ஆணி வைத்த காலணியை பிஸ்கட் டின்னில் வைத்திருப்பாள். ஓடி முடித்ததும் கொண்டை ஊசியால் ஒவ்வோர் ஆணியிலிருந்தும் மண்ணை நோண்டி எடுத்து, தேங்காய் எண்ணெய் தடவி, நாளிதழில் சுற்றி மூடுவாள். டின்னைத் திறந்தால் தோலும் எண்ணெயும் காய்ந்த புல்லும் கலந்த ஒரு வாடை வரும். வீடு மாறியபோது அந்த டின் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. பலகையும் போயிற்று. அடுப்புக்குப் போயிருக்கும்.

அம்மா ஒருநாளும் திடல் பக்கம் வந்ததில்லை. பள்ளி விளையாட்டுப் போட்டியின்போது மற்ற அம்மாக்கள் குடையும் கையுமாகக் கோட்டோரம் நிற்பார்கள். எங்கள் அம்மா சிற்றுண்டிச் சாலைக்குப் பின்னால் போய் யாருக்காவது பாத்திரம் கழுவிக்கொடுத்துக்கொண்டிருப்பாள். "ஒங்க பொண்ணு காத்தா பறக்குறா லா" என்று யாராவது சொன்னால், "எங்க ஓடுறா, சும்மா குதிச்சுக்கிட்டு இருக்கா" என்று முகத்தைச் சுளிப்பாள். அக்கா காதில் விழும்படிதான் சொல்வாள். கழுத்தில் பதக்கத்தோடு வந்து நிற்கிற அக்காவின் முகம் அப்படியே தொங்கிப்போகும்.

பக்கத்து வீட்டில் அத்தை இருந்தாள், அப்பாவின் அக்கா. எதற்கும் விளக்கம் வைத்திருப்பவள். "வயசுப் பொண்ணு தொடை தெரிய ஓடுனா எந்த அம்மாவுக்குத்தான் பாக்க மனசு வரும்? ஒங்கம்மா வாய் தொறந்து சொல்லல, அவ்ளோதான். அவளுக்கு வெக்கமா இருக்கு" என்று அக்காவிடம் சொன்னது அவள்தான். அக்கா நம்பினாள். அம்மா வாயைத் திறக்காததால் எல்லாரும் நம்பினோம்.

ஆனால் அக்கா ஓடும்போது போடுகிற கால்சட்டையை, எங்கள் பேச்சில் சிலுவாரை, தைத்தது அம்மாதான். தங்காக்கில் துணிக்கடையில் வேலை பார்த்த மாமா எப்போதாவது துண்டுத் துணிகள் கொண்டுவருவார். அதில் நல்ல நீலமாக ஒன்றைப் பிறர் கண்ணில் படாமல் எடுத்து வைத்திருந்தாள். தைத்தாள், பிரித்தாள், மறுபடி தைத்தாள். தொடையைப் பிடிக்காத மாதிரி பக்கத் தையலைச் சாய்வாக வைத்தாள். ஓடுவதையே பார்க்காதவளுக்கு எங்கே பிடிக்கும் என்று எப்படித் தெரியும்? பழைய சிலுவாரில் நூல் எங்கெங்கே விட்டிருந்தது என்று பார்த்து வைத்திருந்திருக்கிறாள். அக்கா அதைப் போட்டுக்கொண்டு, "அம்மா நீளம் கொறைக்க விட மாட்டாங்க" என்று மட்டும் குறைப்பட்டுக்கொண்டாள்.

இன்னொன்றும் நடந்தது. போட்டி இருக்கிற நாள் விடிகாலையில், அக்கா எழுவதற்கு முன்னால், அம்மா பாய் ஓரத்தில் வந்து உட்காருவாள். கண்மைச் சிமிழைத் திறந்து, சுண்டுவிரலால் தொட்டு, அக்காவின் உள்ளங்காலில் ஒரு பொட்டு வைப்பாள். கைக்குழந்தைக்கு வைப்பதுபோலத்தான். ஒருநாள் நான் விழித்துக்கொண்டேன். அம்மா விரலை உதட்டில் வைத்தாள். "வாயத் தொறந்தே, அவ்ளோதான் நீ." அக்கா எழுந்து குளிக்கும்போது, "இந்த வீட்டுத் தரை பூரா கரி" என்று முணுமுணுத்துக்கொண்டே அந்தப் பொட்டைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவுவாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

அந்த வருஷம்தான் நம் வட்டார நாடுகளெல்லாம் கலந்துகொள்கிற பெரிய போட்டி சிங்கப்பூரில் நடந்தது. அக்கா தேர்வு ஓட்டத்துக்குத் தலைநகர் போய் வந்திருந்தாள். ஒரு மத்தியானம் சிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து, தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல், "டாபாட்! டாபாட்!" என்று வாசலிலேயே கத்தினார். கிடைத்துவிட்டதாம். நாட்டுக்காக நூறு மீட்டர் ஓடப்போகிறாள். கடைவரிசையே திரண்டுவிட்டது. காப்பிக்கடைச் சீனர் எல்லாருக்கும் சிரப்புத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தார். அம்மா நெத்திலித் தலை கிள்ளிக்கொண்டிருந்தாள். கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சாமிப் படத்துக்கு முன்னால் நின்றிருப்பாள் என்று இப்போது தெரிகிறது. அக்கா நினைத்தது வேறு.

அன்று சாயங்காலம் அக்கா கேட்டுவிட்டாள்.

"நான் ஓடுறத நீங்க ஒரு நாளாச்சும் வந்து பாத்திருக்கீங்களாம்மா?"

"சோறு ஆறுது, சாப்புடு."

"சிங்கப்பூருக்காவது வருவீங்களா?"

"பாப்போம்."

"மெடலெல்லாம் எனக்கு வேண்டாம்மா. நீங்க ஒருதரம் பாத்தா போதும்."

அம்மா ரசத்தை ஊற்றினாள். அக்கா சோற்றைப் பிசைந்தாள். இரண்டு நாளில் பயிற்சி முகாமுக்குக் கிளம்பிப் போய்விட்டாள். பாயில் எனக்கு இடம் அதிகமாக இருந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

போட்டி வந்தது. முதல் நாள் தகுதிச் சுற்று, மறுநாள் இறுதி ஓட்டம். முதலாளியிடம் சொல்லிவிட்டு அப்பா பஸ்ஸையே கொண்டுவந்துவிட்டார். கடைவரிசை ஆட்கள் பாதிப் பேர் ஏறிக்கொண்டார்கள். அம்மா வருகிறாளா இல்லையா என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. பஸ் உறுமத் தொடங்கியபோது, மாம்பழ நிறப் புடவையும் கையில் அடுக்குச் சட்டியுமாக ஏறி என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பாலத்தில் வண்டிகள் ஊர்ந்தன. கடல் வாடையும் டீசல் புகையும் அடுக்குச் சட்டியிலிருந்து வந்த புளிச்சோற்று மணமும் சேர்ந்து எனக்கு வயிற்றைப் புரட்டியது. அம்மா எலுமிச்சம்பழத்தை என் மூக்கில் வைத்துக்கொண்டே வந்தாள்.

அவ்வளவு பெரிய அரங்கத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. பாதை செம்மண் அல்ல, ஆனால் செம்மண் நிறம். ரப்பர் மாதிரி மெத்தென்று இருக்கும் என்றார்கள். அப்பாவுக்கு ஒரே பெருமை. "பாத்தியா, நம்ம கித்தாப் பால்ல போட்ட பாதை லா இது! தோட்டத்துல ஒங்க தாத்தா எடுத்த பாலு" என்று முன்வரிசை, பின்வரிசை எல்லாருக்கும் சொன்னார். அது ரப்பர் பாலே இல்லை, ஏதோ ரசாயனத்தில் செய்தது என்று பிற்பாடு படித்தேன். அவரிடம் சொல்ல மனம் வரவில்லை.

அக்கா வந்து கோட்டில் குனிந்தாள். நாட்டுச் சின்னம் போட்ட பனியன், கீழே முகாமில் கொடுத்த சிலுவார். நான் துள்ளிக் குதித்து, "அம்மா, அந்தா, அக்கா" என்று திரும்பினால், அம்மா முந்தானையை இழுத்து முகத்தை முழுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

"நீ பாத்துச் சொல்லு பாப்பா."

நான் சொன்னேன். என்னத்தைச் சொல்வது? தொடங்குவதற்குள் முடிந்துவிடுகிற சமாச்சாரம். "எந்திரிச்சிட்டா, ஓடுறா, ரெண்டாவது, ரெண்டாவதும்மா, அக்கா பைனல் போயிட்டா!" முந்தானைக்குள் அம்மா பெருமூச்சு விட்டது கேட்டது. அப்பா சட்டையைக் கழற்றிச் சுற்றினார். கோட்டைத் தாண்டிப்போன அக்கா நடந்து திரும்பி வந்து, கூட்டத்தில் எங்களைத் தேடினாள். மாம்பழ நிறத்தைக் கண்டுபிடித்தாள். அதற்குமேல் முகம் இல்லாமல் துணி மட்டும் இருந்ததையும் பார்த்தாள்.

வெளியே கம்பி வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வந்து நின்றபோது அம்மா புளிச்சோற்றை நீட்டினாள். அக்கா வாங்கவில்லை.

"இவ்ளோ வெக்கமா இருந்தா ஏம்மா வந்தீங்க?"

அம்மா கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அக்கா திரும்பி நடந்தாள். இடது தொடையின் பின்பக்கம் கையை வைத்து அழுத்திக்கொண்டே நடந்தாள். அவளிடமிருந்து தைல வாடை அடித்தது. அதை நான் ஒருத்திதான் கவனித்தேன் போலிருக்கிறது.

திரும்புகிற பஸ்ஸில் எல்லாரும் பாடினார்கள். அப்பா மட்டும் கண்ணாடியில் அம்மாவைப் பார்த்து, "அவகிட்ட சொல்லித் தொலையேன் புள்ள" என்றார். "வாயால சொன்னா பலிச்சுரும்" என்றாள் அம்மா. பிறகு சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலை அப்பா பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தபோது நான் போய்ப் பக்கத்தில் நின்று, எதைச் சொல்ல வேண்டும் என்று நச்சரித்தேன். எனக்கும் அக்காவுக்கும் நடுவில் ஓர் அண்ணன் இருந்தான் என்று எனக்குத் தெரியும். காய்ச்சலில் போய்விட்டான் என்பதும் தெரியும். அப்பா சொன்னது எனக்குத் தெரியாதது.

"நாங்க தோட்டத்துல இருந்தப்ப, அவன் நடக்க ஆரம்பிச்ச புதுசு. நடக்கல, ஓடுனான். ஒங்கம்மா வாசல்ல ஒக்காந்துக்கிட்டு, எம்மாம் வேகமா ஓடுறான் எம்புள்ளன்னு ஊரையே கூப்புட்டுக் காட்டுனா. அந்த வாரமே காய்ச்ச. எடுத்துக்கிட்டுப் போறப்ப ஒங்கத்த எல்லார் முன்னுக்கும் சொல்லிட்டா, தாய்க்கண்ணு பட்டுப் போச்சுன்னு. அதோட சரி. அவ பெத்ததுங்கள நேராப் பாக்குறதே இல்ல."

அப்பா வாளியைக் கவிழ்த்துவிட்டு, "காய்ச்சதான் பாப்பா" என்றார். "அந்த வருஷம் தோட்டத்துல எத்தனையோ புள்ளைங்களுக்கு வந்துச்சு."

எனக்கு அத்தை மேல் அன்று வந்த கோபம் இன்னும் முழுக்கப் போகவில்லை. அவள் செத்து எவ்வளவோ வருஷம் ஆயிற்று.

இறுதி ஓட்டத்தன்று அரங்கத்துக்கு வந்ததும் நான் அப்பாவை இழுத்துக்கொண்டு பயிற்சித் திடல் வேலிக்கு ஓடினேன். அக்கா உட்கார்ந்து தொடையில் துணிப்பட்டை சுற்றிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள்.

"காலு என்னாக்கா?"

"முகாம்லேர்ந்தே பிடிச்சுக்கிட்டு இருக்கு. சிக்குகிட்ட சொல்லிடாத, ஓட விட மாட்டாங்க."

நான் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தேன். அம்மாவுக்கு வெட்கம் இல்லை, பயம். அண்ணன் ஓடியது, அத்தை சொன்னது, உள்ளங்கால் பொட்டு, எல்லாம். அக்கா கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு கேட்டாள். அண்ணன் போனபோது அவளுக்கு ஏழு வயது. வாசலில் அவன் ஓடியது அவளுக்கு நினைவிருந்தது. அவன் பின்னால் கைதட்டிக்கொண்டு ஓடியது அவள்தானாம். பொட்டு என்றதும் ஒரு காலைத் தூக்கிக் காலணியின் அடியைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள், கண்ணைத் துடைத்தாள்.

"அம்மாகிட்ட போய்ச் சொல்லு. கண்ணு பட்டா பட்டுட்டுப் போவட்டும். அவங்க பாக்கலன்னாதான் எனக்குக் காலு வராது."

நான் படிகளில் தாவி ஏறிப்போய் அம்மாவின் காதில் அப்படியே சொன்னேன். முந்தானை நுனியை முடிச்சுப் போட்டாள், அவிழ்த்தாள், மறுபடி முடிச்சுப் போட்டாள். கீழே ஓட்டக்காரிகள் வரிசையாக வந்துவிட்டார்கள்.

அந்த ஓட்டத்தை நான் பாதிதான் பார்த்தேன். மீதி நேரம் அம்மாவின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோட்டில் அவர்கள் குனிந்தபோது முந்தானை மூக்குவரை ஏறியிருந்தது. இடுப்பைத் தூக்கியபோதும் அங்கேயேதான் இருந்தது. துப்பாக்கி வெடித்தது. கை மடியில் விழுந்தது.

அம்மா பார்த்தாள்.

நானும் திரும்பினேன். அக்கா அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை, திடலில் எத்தனையோ தரம் பலகை அடித்தவள் சொல்கிறேன். முதல் ஆளாக வந்துகொண்டிருந்தாள். "எம்மாடி" என்றாள் அம்மா, மெதுவாக. "எம்மாடி, இப்புடியா ஓடுவா?" அந்தக் குரலில் இருந்த ஆசையை என்னால் எழுத முடியவில்லை. பத்து வருஷத்துக்கு மேல் அடக்கிவைத்திருந்தது அவ்வளவும் அதில் இருந்தது.

பாதித் தூரம் தாண்டியதும் அக்கா ஒரு துள்ளுத் துள்ளினாள். கை தொடைக்குப் போயிற்று. பக்கத்துத் தடத்துக்காரிகள் அவளைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தார்கள். பின்வரிசையில் யாரோ "அலமாக்!" என்று பதறினார்கள்.

இதைப் பற்றி எங்கள் வீட்டில் அம்மா இருந்தவரை இரண்டு கட்சி. தசை முன்பே கிழிந்திருந்தது, எப்படியும் அன்று போயிருக்கும் என்பாள் அக்கா. அதற்குப்பின் அவள் பெரிய போட்டி எதிலும் ஓடவில்லை. குளுவாங்கில் பள்ளி ஆசிரியையாகி ஓய்வும் பெற்றுவிட்டாள். தன் வாழ்க்கையில் தான் நன்றாக ஓடியது அந்தப் பாதித் தூரம்தான் என்று அவள் சொல்லும்போதெல்லாம் அம்மா எழுந்து அடுக்களைக்குப் போய்விடுவாள். மருத்துவர் சொன்னாலும், சிக்கு வந்து சொன்னாலும் அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. தன் கண்தான் என்று கடைசிவரை நம்பினாள். நம்பிக்கொண்டேதான் செத்தாள்.

ஆனால் அந்த நேரத்தில் அவள் செய்தது என்ன என்பதைத்தான் சொல்ல வந்தேன்.

அக்கா தடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். ஜெயித்தவள் கோட்டுக்கு அந்தப் பக்கம் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தாள். அரங்கம் மொத்தமும் அவளைப் பார்த்துக் கூச்சல் போட்டது. ஓர் அதிகாரி அக்காவை வெளியே கூப்பிட்டார். அவள் தலையை ஆட்டிவிட்டு, இடது காலை இழுத்து இழுத்துக் கோட்டை நோக்கி நடக்கத் தொடங்கினாள். இப்போது முந்தானை முகத்துக்குப் போய்விடும் என்று நான் பயந்தேன். அக்காவும் அதைத்தான் நினைத்திருக்க வேண்டும். நடந்துகொண்டே எங்கள் பக்கம் நிமிர்ந்து பார்த்தாள்.

அம்மா எழுந்து நின்றாள். முன்னால் இருந்த கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, இமைகூடத் தட்டாமல் நேராக அவளையே பார்த்தாள். அவ்வளவு கூச்சலுக்கு நடுவே, இறுதி ஓட்டத்தில் இருக்கிற ஓட்டக்காரியிடம் யாரும் சொல்லாத ஒன்றை உரக்கச் சொன்னாள்.

"நான் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். நீ மெதுவா வாம்மா. ஒண்ணும் அவசரமில்ல."